உடன் வந்தோர்

சென்ற மாதம் சாம்பல்தீவில் தங்கையின் வீட்டில் பத்து நாட்கள் தங்க நேர்ந்தது. அவளுடைய மூத்த மகனுக்கு அப்பென்டிக்ஸ் சத்திரசிகிச்சை. பையனுக்கு வயது 13. தகப்பன் கட்டாரில் வேலை செய்கிறார். ஆகவே மாமன் என்ற கடமை என் தலையில் விழுந்தது.

வைத்தியசாலையிலிருந்து வீடு வந்த மறுநாளும் பிள்ளை கட்டிலில் இறாலைப் போல் சுருண்டு கிடந்தான். நிமிர மாட்டான், எழுந்து நடக்க மாட்டான். இருமல் வந்தால் வாயைப் பொத்தி அடக்குவான். தையல் அறுந்து குடல் வெளியே வந்துவிடும் என்பது அவனுடைய நினைப்பு. அந்தப் பயத்தில் பெரும்பகுதி நாங்கள் கொடுத்தது என்பதை இரண்டு நாட்களில் புரிந்துகொண்டேன்.

"ஸ்கான் எடுக்கத்தான் கொண்டுபோகினம்" என்று சொல்லித்தான் அவனைத் தள்ளுவண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். சொன்னவர்கள் வைத்தியர்கள் அல்லர், சொந்தக்காரர். கண் விழித்தபோது வயிற்றில் கட்டு. அதன் பின் "ஒண்டுமில்லை, நோகாது" என்று யார் சொன்னாலும், பெரிதாக ஏதோ இருக்கிறது என்றே அவன் பொருள்கொண்டான். அவன் தர்க்கத்தில் எனக்குப் பிழை தெரியவில்லை.

போதாக்குறைக்கு, பார்க்க வந்தவர்கள். ஆளுக்கு அரைக் கிலோ திராட்சையும் ஒரு கதையும் கொண்டுவந்தார்கள். இன்னாருடைய மகனுக்குத் தையல் பிரிந்தது, இன்னாருக்குச் சீழ் கட்டியது. எல்லாம் பிள்ளையின் தலைமாட்டில் இருந்தே. ரொறன்ரோவிலிருந்து ஒருவர் வட்ஸ்அப்பில் அழுதார். கத்தரிக்காய் கிரந்தி, தக்காளி கிரந்தி, சூரை மீன் கிரந்தி என்று பட்டியல் நீண்டது. காயம் ஆறப் புரதம் வேண்டும் என்று நான் வாதாடிப் பார்த்தேன். கடைசியில் சுறா வறையில் இரு தரப்பும் உடன்பட்டோம். அது புரதமும் ஆயிற்று, கிரந்தியும் அல்ல.

மூன்றாம் நாள் ஒரு கொப்பித் தாளில் அவனுக்குப் படம் வரைந்து காட்டினேன். தோல், அதன் கீழ் கொழுப்பு, அதன் கீழ் தசை. நீ காண்பது மேல்தோலின் தையல் மாத்திரமே, உள்ளே தசையைத் தனியாகத் தைத்திருக்கிறார்கள், நடந்தால் அது பிரியாது என்றேன். நடக்கும்போது நோகும் என்றும் சொன்னேன். நடக்காமல் கிடந்தால் நுரையீரலில் சளி தேங்கலாம், குடலும் சோம்பிவிடும். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்தால் நோவு குறையும். வைத்தியர் எழுதிய பரசிற்றமோலை நோவு ஏறும்வரை வைத்திராமல் சொன்ன நேரத்துக்குக் கொடுத்தோம். அன்று மாலை கிணற்றடிவரை நடந்தான், கூனிக்கொண்டுதான். நோகும் என்று நான் சொன்னது உண்மையாக இருந்ததால், பிரியாது என்று சொன்னதையும் நம்பினான் போலும்.

இரவில்தான் பேசினான். பெரியவர்களின் வார்ட்டில் அவனைப் போட்டிருந்தார்கள். பார்வை நேரம் முடிந்ததும் மணி அடித்துத் தாயை வெளியே அனுப்பிவிட்டார்கள். மயக்கம் முற்றாகத் தெளியாத அந்த முதல் இரவில், பக்கத்துக் கட்டில் முதியவர் அனுங்கியதை விடியும்வரை கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான். தாதியரைக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் ஏசுவார்களா என்று தெரியாமல் கூப்பிடாமலே இருந்துவிட்டான். எந்த வைத்தியசாலை என்று எழுதப் போவதில்லை. ஒழுங்குவிதி ஒரு தாதியின் குற்றமன்று. ஒருவரே அத்தனை கட்டில்களையும் பார்த்தால் யாருக்கும் குரல் தடிக்கும்.

இலண்டனில் ஒரு காலத்தில் இதைவிட மோசம். 1952இல் ஜேம்ஸ் ரொபர்ட்சன் என்பவர், சிறு சத்திரசிகிச்சைக்காகத் தாயைப் பிரிந்து எட்டு நாட்கள் வைத்தியசாலையில் இருந்த இரண்டரை வயதுக் குழந்தையைப் படம் பிடித்தார். பெரிதாக அழாத குழந்தை. அடக்கிக்கொண்டு இருந்தது. வைத்தியர்கள் பலர் படத்தைப் பார்த்துக் கோபப்பட்டனர், தங்கள் வார்ட்டுப் பிள்ளைகள் சந்தோஷமாகவே இருக்கிறார்கள் என்றனர். அமைதியாக இருப்பதைச் சந்தோஷம் என்று எண்ணியிருந்தார்கள். 1959இல் பிளாட் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கவும் சிறுவரின் தாய்மார் உடன் தங்கவும் இடமளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சிறுவர் வார்ட்டில் தாய் தங்குவது இப்போது நம்மிடமும் உண்டு. பதின்மூன்று வயதுக்காரன் மாத்திரம் சிறுவனுமில்லை, பெரியவனுமில்லை என்ற இடைவெளியில் விழுந்துவிடுகிறான்.

தங்கையின் வாசலில் நின்றால் புல்மோட்டை வீதி தெரியும். பிள்ளையை அதுவரை நடத்திக்கொண்டு போன ஒரு மாலையில்தான் 2009 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி புதுமாத்தளன் கரையிலிருந்து காயமடைந்தோரை ஏற்றிய முதல் கப்பல் திருகோணமலைக்கு வந்தது. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாடு. கரையிலிருந்து சிறு படகுகளில் தூக்கிச் சென்று கப்பலில் ஏற்றினார்கள். மார்ச்சில் இந்திய மருத்துவக் குழு புல்மோட்டையில் கள வைத்தியசாலை அமைத்த பின் அங்கும் கொண்டுபோனார்கள். மே 9 வரை 13,000க்கும் மேற்பட்டோர். அந்தத் தொகைக்குள் நோயாளரும் காயமடைந்தோரும் அவர்களுடன் வந்தோரும் அடக்கம்.

"உடன் வந்தோர்" என்ற அந்தச் சொல்லைப் பத்திரிகையில் இடம் போதாமல் என் கையாலேயே வெட்டியிருக்கிறேன். எண்ணிக்கைதான் செய்தி என்று அன்று எனக்கு நினைப்பு. கை கால் இழந்த பிள்ளைகளும் அக்கப்பல்களில் வந்தார்கள். சிலருக்குத் தாயோ சித்தியோ உடன் வந்தார். சிலருக்கு உடன் வர எவரும் இருக்கவில்லை. இருந்தவர்கள் அக்கரையில் நின்றுவிட்டனர், அல்லது உயிரோடு இல்லை. மயக்கம் தெளிந்த பிள்ளை யாருடைய முகத்தைத் தேடியிருக்கும் என்ற கேள்வி, ஒரு அப்பென்டிக்ஸ் தையலுக்குப் பக்கத்தில் பத்து நாட்கள் இருந்த பிறகே எனக்கு வந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு மேல் பிந்திய கேள்வி.

பதினெட்டு வயதுக்குக் குறைந்த எவரும் சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் இரவைத் தனியே கழிக்கக் கூடாது என்பதே நான் கேட்பது. அதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். கட்டிலருகே ஒரு பிளாஸ்டிக் கதிரை போதும், அதில் இருப்பவர் வாயில் பொய் இல்லாமல் இருந்தால்.

பத்தாம் நாள் கிளினிக்கில் தையல் வெட்டினார்கள். உள்ளே போகுமுன் "மாமா, நோகுமா?" என்று கேட்டான். "நோகும். கட்டெறும்பு கடிக்கிற மாதிரி, ஏழு தரம்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக எண்ணினான். ஆறில் முடிந்துவிட்டது. "நீங்கள் ஏழு எண்டு சொன்னியள்" என்று வீடு வரும்வரை என்னோடு சண்டை.