வரிவிலக்கு பூங்காவுக்கு, டிக்கெட் விலை நமக்கு

2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லா திறந்தது. பெரியவர் ஒருவருக்கு டிக்கெட் ₹1,400க்கு மேல். 40க்கும் மேற்பட்ட ரைடுகள் இருப்பதால் கொடுத்த காசுக்குத் தகும் என்கிறார்கள். யார் கொடுக்கும் காசுக்கு? 2025-26இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு நாள்கூலி ₹336. நான்கு நாள் கூலி சேர்த்தாலும் ஒரு டிக்கெட் வராது. ரமணாசிரமம் பகுதி விடுதிகளில் அறை துடைக்கும் அம்மாக்களின் பிள்ளைகளுக்குப் பஸ் செலவும் சாப்பாடும் தனி.

தனியார் தொழில், விலை அவர்கள் இஷ்டம் என்று விட முடியாது தோழர்களே. இந்தப் பூங்காவுக்கு 10% உள்ளாட்சி கேளிக்கை வரியிலிருந்து தமிழக அரசு விலக்கு தந்திருக்கிறது. அது பொதுப்பணம். அதை விட்டுக்கொடுத்த அரசு, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, விடுதி மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒருநாள் இலவச நுழைவை நிபந்தனையாக வைக்கட்டும்.

நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்றுதான் நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போக முடிந்தது. அங்கே தடுத்தது சாதி. இங்கே கேட்பது பணம்தான். ஆனால் தலைமுறைகளாகக் கூலியைக் குறைத்து வைத்ததும் சாதிதானே? சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்காமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் யாரென்று பாருங்கள். அந்தக் கணக்கோடு மனு எழுதுவோம்.

ஜெய்பீம்.