மீனை விட்டால் மீன் பெருகுமா?

ஓர் ஆற்றில் மீன் குறைந்துவிட்டது. என்ன செய்யலாம்? "பண்ணையில் வளர்த்த மீன்களைக் கொண்டுவந்து விடலாம்" என்று உடனே சொல்வீர்கள். பார்வைக்கு இது சரியான விடைதான். ஆனால் அமெரிக்காவில் மான்டானா மாநிலத்து மாடிசன் ஆறு வேறு விடை சொல்லிற்று.

மாடிசன் மலைநாட்டு ஆறு. குளிர்ந்த, வேகமான நீர். அதில் வாழும் டிரவுட் மீன்களைப் பிடிக்கப் பலர் 'செயற்கை ஈ'யைப் பயன்படுத்துவர். இறகையும் உரோமத்தையும் தூண்டில் முள்ளில் நூலால் கட்டிப் பூச்சிபோலச் செய்வதே அது. ஆற்றுப் பூச்சிகளைத் தின்று வளர்ந்த மீன் போலியை எளிதில் நம்பாது. அதனை ஏமாற்றுவதில்தான் தூண்டில்காரரின் திறமை இருக்கிறது. இவர்களுக்கு மீன் போதவேண்டும் என்றே ஆண்டுதோறும் பண்ணை மீன்கள் ஆற்றில் விடப்பட்டன.

இதனால் பயன் உண்டா? டிக் வின்சென்ட் என்னும் மீன் உயிரியலாளர் எண்ணிப் பார்க்க முற்பட்டார். ஓடும் நீரில் மீனை எப்படி எண்ணுவது? நீரில் மின்சாரம் பாய்ச்சினால் மீன்கள் சிறிது நேரம் மயங்கும். அவ்வாறு பிடித்த 100 மீன்களுக்கு அடையாளமிட்டு விட்டுவிடுவதாகக் கொள்வோம். சில நாள் கழித்து மீண்டும் 100 பிடித்ததில், 20 மீன்களில் அடையாளம் இருக்கிறது. அதாவது ஐந்தில் ஒன்று. ஆகவே மொத்தம் சுமார் 500 மீன்கள். நீங்கள் படிக்கும் விகிதக் கணக்குதான் இது!

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாடிசனின் ஒரு பகுதியில் மீன் விடுவது நிறுத்தப்பட்டது. அதுவரை மீன் விடப்படாத ஓடெல் ஓடையில் புதிதாக விடப்பட்டது. விளைவு என்ன? விடுவதை நிறுத்திய இடத்தில் காட்டு டிரவுட் பெருகிற்று. விட்ட இடத்தில் குறைந்தது!

ஆற்றில் பிறந்த டிரவுட் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இடம் பிடித்து, அங்கே மிதந்து வரும் உணவை உண்கிறது. பண்ணை மீன்கள் கூட்டமாக வந்து இந்த ஒழுங்கைக் குலைக்கின்றன. ஆற்று வாழ்க்கைக்குப் பழகாததால் அவற்றிலும் பல விரைவில் மடிகின்றன.

எதிர்ப்பு எழாமலில்லை. ஆயினும் 1974-ல் மான்டானா, காட்டு டிரவுட் தாமே பெருகும் ஆறுகளில் மீன் விடுவதைக் கைவிட்டது. 1990-களில் சுழல் நோய் என்னும் ஒட்டுண்ணி நோய் தாக்கி மாடிசனின் வானவில் டிரவுட்டுகள் பெருமளவு குறைந்தன. அப்போதும் பழைய வழிக்கு அது திரும்பவில்லை.

ஒன்றை மறைக்கலாகாது. வானவில் டிரவுட்டும் பழுப்பு டிரவுட்டும் மாடிசனின் ஆதி மீன்கள் அல்ல, மனிதர் கொண்டுவந்தவையே. முதலில் மீனை விடாதிருந்தால் அவை அங்கே இரா. ஆகவே "விடுவது எப்போதும் வீண்" என்பது என் வாதமன்று. தாமே பெருகும் மீன்கள் உள்ள ஆற்றுக்குத் தேவை புது மீன் அல்ல. தூய நீர், முட்டையிடச் சரளைப் படுகை, அளவான மீன்பிடிப்பு ஆகியவையே என்பதுதான் என் கருத்து.

இயற்கைக்கு உதவும் திட்டம் எதைக் கேள்விப்பட்டாலும், அதன் நோக்கத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். "முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில்தான் விஞ்ஞானம் தொடங்குகிறது.