ஈரச் சுவரும் இளம் மாணவரும்

பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டான் என்னும் செய்தி வந்த நாள் முதலாக வீட்டில் ஆயத்தங்கள் தொடங்கிவிடுகின்றன. தாயார் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கட்டி வைக்கிறார். தந்தையார் அறை முற்பணத்துக்கு வழி தேடுகிறார். தலையணை, விரிப்பு, வாளி, நுளம்பு வலை யாவும் ஒன்று சேர்க்கப்படுகின்றன. வாடகை எவ்வளவு, விரிவுரை மண்டபத்துக்கு எவ்வளவு தூரம், வீட்டுச் சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஆனால் அப்பிள்ளை ஆண்டுக்கணக்காகப் படுத்துறங்கப் போகும் அறையின் சுவர் எத்தகையது என்று விசாரிப்போர் மிகச் சிலரே. இவ்வாரம் அச்சுவரைப் பற்றியே வாசகர்களுடன் பேச எண்ணுகிறோம்.

வடக்கிலே வளர்ந்த பிள்ளைகளுக்குச் சுவரில் ஓதம் ஏறுவது என்பது மாரிகாலத்துச் சங்கதி மாத்திரமே. யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் பெய்யும் ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழையிற் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையில் பெய்து ஓய்ந்துவிடும். பின்னர் வெயிலும் சோழகக் காற்றும் சுவரை உலர்த்திவிடும். பேராதனையின் நிலை வேறு. கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், மகாவலி கங்கையின் கரையில் அமைந்த அவ்விடத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. அதுவும் ஒரே பருவத்திலன்றித் தென்மேற்கு, வடகீழ்ப் பருவங்களிலும் அவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களிலும் பங்கிட்டுப் பெய்கிறது. ஒரு மழையின் ஈரம் காயுமுன் அடுத்த மழை வந்துவிடுகிறது.

1952 ஆம் ஆண்டு பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்த காலத்தில், மாணவர்கள் விடுதிகளிலே தங்கிக் கற்கவேண்டும் என்பதே முதலாவது துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்களின் நோக்கமாக இருந்தது. இன்று மாணவர் தொகை பெருகிவிட்டது. எல்லோருக்கும் எல்லா ஆண்டுகளிலும் விடுதியில் இடம் கிடைப்பதில்லை. ஆகவே கன்னொறுவ, ஹிந்தகல, பெனிதெனிய முதலிய அயற்கிராமங்களில் வாடகை அறை தேடவேண்டியவர்களாகின்றனர். அங்கே மலைச்சரிவை வெட்டி எழுப்பிய வீடுகள் பல. முன்புறம் வெளிச்சமாகத் தோன்றும் வீட்டின் பின்சுவர் மண்மேட்டோடு ஒட்டி நிற்கும். மாணவருக்கு வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பின்னறையே.

நீர் வரும் மூன்று வழிகள்

கறுப்பாகவும் பச்சையாகவும் சுவரிற் படரும் பூஞ்சணத்தைக் கண்டதும், “இது அழுக்கினால் வந்தது, பிள்ளைகள் அறையைத் துப்புரவாக வைத்திருப்பதில்லை” என்று வீட்டுக்காரர் கூறுவார். பிள்ளைகளும் வெட்கித் தலைகுனிவர். இது முற்றிலும் பிழையான எண்ணம். பூஞ்சணத்தின் நுண்வித்துக்கள் எந்த வீட்டின் காற்றிலும் உள்ளன. தூசும், நிறப்பூச்சும், மரமும், துணியும் அவற்றுக்கு உணவாகும். அவை முளைப்பதற்குக் குறைவாயிருப்பது நீர் ஒன்றே. நனைந்த பொருள் ஓரிரு நாட்களுக்குள் உலராவிடின் பூஞ்சணம் தொடங்கிவிடும். ஆதலின் பூஞ்சணத்தைக் கண்டால் கேட்கவேண்டிய கேள்வி, “அழுக்கு எங்கே?” என்பதன்று, “நீர் எங்கிருந்து வருகிறது?” என்பதே.

நீர் மூன்று வழிகளால் வரும். முதலாவது, மண்ணிலிருந்து வருவது. அத்திவாரத்தின் வழியாக மேலேறுவதும், மண்மேட்டிலிருந்து பின்சுவரூடாகக் கசிவதும் இவ்வகையைச் சேர்ந்தவை. மேலேறும் நீர் சுவரின் அடியிலிருந்து ஒரு மீற்றர் உயரம் வரையிற் கறை பிடிக்கச் செய்யும். பூச்சு உப்பிப் பொரிந்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பொடி உதிரும். மண்மேட்டு நீரோ சுவரின் எந்த உயரத்திலும் தோன்றக்கூடும்.

இரண்டாவது, மேலிருந்து வருவது. உடைந்த ஓடு, துருவேறிய தகரம், இலை அடைத்த பீலி, வெடித்த தண்ணீர்க் குழாய் ஆகியன இதற்குக் காரணமாகும். மழை பெய்து சில மணி நேரத்தில் முகட்டிலோ சுவரின் மேற்பகுதியிலோ மண்ணிற வளையங்கள் தோன்றினால் இதுவே என்று துணியலாம். குழாய் வெடிப்பாயின் மழையற்ற நாளிலும் ஈரம் மாறாது.

மூன்றாவது, நம்மிடமிருந்தே வருவது. இதனைப் பலர் அறியார். 25 பாகை வெப்பமுள்ள ஒரு கனமீற்றர் வளி ஏறக்குறைய 23 கிராம் நீராவியைத் தாங்கவல்லது. அவ்வளியே 18 பாகைக்குக் குளிர்ந்தால் 15 கிராம் அளவையே தாங்கும். எஞ்சியது எங்கே போகும்? அறையிற் குளிர்ந்த இடம் எதுவோ அங்கே நீர்த்துளியாகப் படியும். மார்கழி, தை மாதத்து இரவுகளில் கண்டிப் பகுதிச் சுவர்கள் இவ்வாறு குளிர்கின்றன. ஒருவர் உறங்கும் ஓர் இரவில் மூச்சினாலும் வியர்வையாலும் கால் லீற்றருக்குக் குறையாத நீரை அறையில் விடுகிறார். மூவர் படுக்கும் அறையில், மூலையில் ரைஸ் குக்கர் ஆவி கக்க, குறுக்கே கட்டிய கொடியிற் கையாற் பிழிந்த துணிகள் தொங்க, யன்னல் நுளம்புக்கும் குளிருக்கும் அஞ்சி அடைபட்டிருக்குமாயின், விடியுமுன் பல லீற்றர் நீர் சுவரையும் அலுமாரியின் பின்புறத்தையும் சேர்ந்துவிடும். அறையின் மேல்மூலைகளிலும், கட்டிற் தலைமாட்டிலும், அலுமாரிக்குப் பின்னும் சிறுசிறு கரும்புள்ளிகள் தோன்றுவது இதன் அடையாளம்.

எவ்வகை என்று ஐயம் உண்டானால் எளிய சோதனை ஒன்று உளது. ஓரடி அகல நீளமுள்ள பொலித்தீன் துண்டொன்றை எடுத்து, ஈரமான இடத்தைத் துணியால் ஒற்றியபின், நான்கு ஓரங்களையும் சுவரோடு இறுக ஒட்டிவிடுக. இரண்டு நாள் கழித்துப் பார்க்க. பொலித்தீனின் வெளிப்புறத்தில், அதாவது அறையை நோக்கிய பக்கத்தில், நீர் படிந்திருந்தால் அஃது அறையின் காற்றிலிருந்து வந்தது. சுவரை நோக்கிய உட்புறத்தில் நீர் கோத்திருந்தால் அது சுவரின் உள்ளிருந்து வருகிறது. சில அறைகளில் இரண்டும் ஒன்றாக இருப்பதும் உண்டு.

தடிமன் என்று எண்ணி ஏமாறலாகாது

இச்சோதனை வீண் ஆராய்ச்சியன்று. உலக சுகாதார நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூலொன்றில், ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுறுப்பு நோய்களும் ஒவ்வாமையும் தொய்வும் அதிகம் என்று எடுத்துக்காட்டியுள்ளது. பிள்ளை தொலைபேசியில் “தடிமன் விடவில்லை, இரவில் இருமல்” என்று சொல்லும்போது நாம் கொத்தமல்லியும் மருந்தும் அனுப்புகிறோமேயன்றி, “கட்டில் எந்தச் சுவரோடு கிடக்கிறது?” என்று கேட்பதில்லை. விடுமுறைக்கு வீடு வந்தால் சுகமாகி, திரும்பிப் போனதும் இருமல் தொடங்குமாயின் அறையின் மீது ஐயம் கொள்ளல் வேண்டும். சிறுவயதிலிருந்து தொய்வு உள்ள பிள்ளையாயின் வைத்தியரிடம் அறையின் நிலையையும் சேர்த்துச் சொல்லுதல் அவசியம்.

குற்றத்தைக் குடியிருப்போர் தலையிற் போடுவதனால் விளையக்கூடிய கேட்டுக்கு நம் பிள்ளைகள் பலரும் படிக்கச் செல்லும் இங்கிலாந்திலிருந்தே ஒரு சான்று உண்டு. அங்கே ரொச்டேல் நகரில், வாடகைக் குடியிருப்பொன்றில் வாழ்ந்த அவாப் இஷாக் என்னும் இரண்டு வயதுப் பாலகன் 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டிற் படர்ந்த பூஞ்சணமே அவனுடைய மூச்சுறுப்பு நோய்க்குக் காரணம் என்று 2022 இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பெற்றோர் பல தடவை முறையிட்டிருந்தனர். வீட்டை நிர்வகித்தோரோ குடும்பத்தின் வாழ்க்கை முறையே காரணமென்று கருதி வாளாவிருந்தனர். அப்பாலகன் பெயரால் வழங்கும் சட்டம், சமூக வாடகைக் குடியிருப்புகளின் உரிமையாளர் இத்தகைய முறைப்பாடுகளைக் குறித்த காலத்துள் கவனிக்க வேண்டுமென விதித்து, 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஓர் உயிர் போனபின் வந்த நியாயம் அது.

யார் எதைச் செய்வது?

நீரின் வழி தெரிந்துவிட்டால் பொறுப்பும் தெளிவாகிவிடும். மண்ணிலிருந்தும் கூரையிலிருந்தும் வரும் நீரை மாணவன் எவ்வாறு நிறுத்துவான்? பீலியைத் துப்புரவாக்குதல், ஓட்டை மாற்றுதல், பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் இடையில் வாய்க்கால் வெட்டி நீரை வடியவிடுதல் ஆகியன வீட்டுச் சொந்தக்காரரின் கடமைகள். ஈரச் சுவரின் மேல் புதிய நிறம் பூசுவது புண்ணின் மேல் பட்டுத்துணி சுற்றுவதை ஒக்கும். சில மாதங்களில் அப்பூச்சும் உரியும். பூசிய செலவும் வீணாகும்.

மூன்றாவது வகை நீருக்கு மாணவரே பெரும்பாலும் பொறுப்பாளர். துணிகளை வெளியிலோ தாழ்வாரத்திலோ உலர்த்துக. சமைக்கும்போது யன்னலைத் திறந்து வைக்க. அலுமாரியையும் கட்டிலையும் சுவரிலிருந்து நான்கு விரற்கடை விலக்கி வைக்க. பின்னே காற்று ஓடட்டும். நண்பகலிலும் அதையடுத்த மணிகளிலும் வெளிக்காற்று உலர்ந்திருக்கும் ஆதலால் அவ்வேளையில் அறையில் இருப்பவர் கதவையும் யன்னலையும் ஒருங்கே திறந்துவிடுக. சுவரின் மேலுள்ள காற்றுத் துவாரத்தைக் கடதாசியால் அடைக்காது, நுளம்பு புகாதவாறு கம்பிவலை அடித்துக் கொள்க. திறக்க முடியாத யன்னல் உள்ள அறையை வாடகைக்கு விட்டுவிட்டு மாணவரைக் குறை சொல்வது எவ்வாற்றானும் முறையாகாது.

தோன்றிவிட்ட பூஞ்சணத்தை நீக்கவும் முறை உண்டு. ஏறக்குறைய மூன்றடி அகலமும் மூன்றடி நீளமும் கொண்ட பரப்புக்கு மேற்படாதாயின் மாணவர் தாமே நீக்கலாம். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடி, கையுறை அணிந்து, யன்னலைத் திறந்து, சவர்க்கார நீரில் நனைத்த துணியாற் துடைத்து, பின் உலர்ந்த துணியால் ஒற்றி உலரவிடுக. உலர்ந்த தும்புத்தடியாற் தேய்த்தால் நுண்வித்துக்கள் அறை முழுவதும் பரவும். குளோரின் கலந்த வெளிற்றும் திரவத்தை அமிலத் திரவங்களுடனோ அமோனியா உள்ளவற்றுடனோ ஒருபோதும் கலத்தலாகாது, நச்சுவாயு எழும். தொய்வு உள்ளவர் இவ்வேலையில் இறங்காதிருப்பதே நலம். உள்ளே பூஞ்சணம் பிடித்த பஞ்சு மெத்தையை வெயிலிற் போட்டு மீட்கலாமென்று எண்ணவேண்டாம். அதனைக் கழித்துவிடுவதே உத்தமம். சான்றிதழ்களை நன்கு உலர்த்தியபின்பே உறையிலிட்டு மூடுக. ஈரத்தோடு மூடிய கடதாசி உறைக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும்.

சொல்லவேண்டியதைச் சொல்லுக

இவை யாவற்றினும் கடினமானது வீட்டுக்காரரிடம் பேசுவது. “அங்கிள் கோபித்துக்கொண்டு அறையை விடச் சொன்னால் பரீட்சை நேரத்தில் எங்கே போவது?” என்று அஞ்சிப் பிள்ளைகள் மௌனமாக இருந்துவிடுகின்றனர். இம்மௌனமே பின்னர் அவர்களுக்கு எதிர்ச்சாட்சியாகிறது. அறையை விட்டுப் போகும் நாளில் சுவரின் கறைக்கு முற்பணத்திலிருந்து பிடித்துக்கொள்ளப்படுகிறது.

இதற்கு வழி, குடிபுகும் நாளிலேயே நான்கு சுவர்களையும் முகட்டையும் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுவதாகும். பின்னர் ஈரம் கண்டால் அன்றே படத்தோடு பணிவான ஒரு செய்தி எழுதுக. பேசும் மொழி தடையாகும் இடத்தில் படம் தடையின்றிப் பேசும். “உங்கள் வீடு பழுதாகிறது, முகட்டில் நீர் ஒழுகுகிறது” என்று தொடங்கினால் அது முறைப்பாடாக அன்றி உதவியாகவே தோன்றும். உண்மையும் அதுவே. ஈரம் மாணவனின் நெஞ்சை மட்டுமன்றி, வீட்டுக்காரரின் கூரைமரத்தையும் அரிக்கிறது. பலனில்லையாயின் பெற்றோர் தாமே பேசுதல் வேண்டும்.

அறை பார்க்கச் செல்லும் பெற்றோருக்கும் ஒரு சொல். மாசி மாதத்து வெயிலில் எந்தச் சுவரும் அழகாகவே தோன்றும். ஆகவே கண்ணை மாத்திரம் நம்பாதீர்கள். உள்ளே நுழைந்ததும் மூக்கினாற் பாருங்கள். மண்வாசனை போன்ற புழுங்கிய நாற்றம் ஏமாற்றாது. கையினாற் பின்சுவரின் அடியைத் தடவிப் பாருங்கள். அலுமாரியைச் சற்று நகர்த்திப் பாருங்கள். ஒரு சுவர் மட்டும் அண்மையிற் பூசப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள். வெளியே சென்று வீட்டின் பின்புறம் மண்மேடா, வாய்க்காலா என்று நோக்குங்கள். இவை அனைத்துக்கும் கால்மணி நேரம் போதும். முற்பணத்தைக் கொடுக்குமுன் அக்கால்மணி நேரத்தைப் பிள்ளைக்காகச் செலவிடுவது பெற்றோர் கடமையாகும்.