படத்தில் இருப்பவர்களின் பெயர் என்ன?

2023 செப்டம்பரில் அம்ரிதா ஷேர்கில்லின் 'கதைசொல்லி' ஓவியம் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. இந்திய ஓவியம் ஒன்றுக்கு அதுவரை கிடைத்த விலைகளில் அதுவே அதிகம். ஒரு பெண்ணின் படைப்பு என்பதால் பலர் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான். அதோடு அவரைச் சாதி, வர்க்கப் பார்வையிலும் படிக்க வேண்டும்.

1913இல் புடாபெஸ்டில் பிறந்தவர். தந்தை உம்ராவ் சிங், பஞ்சாபின் மஜீதியா நிலவுடைமைக் குடும்பத்தைச் சேர்ந்த சீக்கியர். தாய் ஹங்கேரியப் பாடகி. பதினாறு வயதில் ஓவியம் படிக்கப் பாரிஸுக்குப் போனார். அங்கே 1933இல் தங்கப் பதக்கம் பெற்றார். 1934 இறுதியில் இந்தியா திரும்பினார். 1941இல் லாகூரில் இறந்தபோது வயது 28.

திரும்பி வந்தவர் தேவியரையும் அரசிகளையும் வரையவில்லை. சோர்ந்த கண்களோடு நிற்கும் மலைவாழ் மக்களை வரைந்தார். ஏழை இந்தியர்களின் வாழ்க்கையைத் தீட்டுவதே தன் வேலை என்றார். சிம்லா கலைச் சங்கம் 1935இல் தந்த பரிசைத் திருப்பி அனுப்பும் துணிவும் அவருக்கு இருந்தது.

இப்போது தலைப்புகளைக் கவனியுங்கள். பதக்கம் வென்ற 'இளம் பெண்கள்' படத்தில் இருப்பவர்கள் தங்கை இந்திராவும் தோழி டெனிஸ் ப்ருதோவும். பெயர்கள் நமக்குத் தெரியும். இந்தியாவில் வரைந்தவற்றின் தலைப்புகளோ 'மலைப் பெண்கள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்'. அவர்கள் யார், என்ன சாதி, யாருடைய நிலத்தில் உழைத்தார்கள்? தலைப்பு எதையும் சொல்வதில்லை.

1937 தொடக்கத்தில் அவர் திருவிதாங்கூர் வந்தார். அங்கே கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அந்தப் பயணத்தின் பயனாக வந்த படங்களில் ஒன்று 'பிரம்மச்சாரிகள்'. அதில் இருப்பவர்கள் பிராமண மாணவர்கள் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. சந்தைக்குப் போகிறவர்கள் மட்டும் வெறும் 'கிராமத்தார்'. சாதியால் மதிப்புப் பெற்றவர்களுக்கு அடையாளம் கிடைக்கிறது. உழைப்பவர்கள் பொதுவான 'ஏழை இந்தியா'வுக்குள் கரைந்துபோகிறார்கள்.

இது அம்ரிதா மீது வழக்குப் போடுவதற்காக அல்ல. ஆண்கள் நிறைந்த கலை உலகில் அவர் போராடியது உண்மை. ஆனால் பாரிஸ் படிப்பும், வண்ணமும் கேன்வாஸும், வரைவதற்கான நேரமும் குடும்பச் சொத்து இல்லாமல் வந்திருக்குமா? அதே காலத்தில் ஒரு தலித் பெண் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவே போராட வேண்டியிருந்தது. 'பெண் கலைஞர்' என்று மட்டும் சொன்னால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

தோழர்களே, இன்றும் நம் போஸ்டர்களிலும் ஆய்வறிக்கைகளிலும் 'ஒரு தூய்மைப் பணியாளர்', 'ஒரு தலித் பெண்' என்றுதான் புகைப்படக் குறிப்பு எழுதுகிறோம். பெயர் வெளிவந்தால் ஆபத்து என்றால் மறைப்பது சரி. மற்ற நேரங்களில் அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கி, பெயரை எழுதுங்கள். கேமராவையும் தூரிகையையும் அவர்கள் கையிலும் கொடுங்கள். அவர்கள் நம்மை எப்படி வரைகிறார்கள் என்றும் பார்ப்போம்.