சச்சின் மேல் மட்டும் பழியா?

1999 சென்னை டெஸ்டில் பாகிஸ்தானிடம் தோற்றதற்குச் சச்சின்தான் காரணம் என்று நம்ம பெண்ணாடத்தில் இன்றும் அடித்துச் சொல்பவர்கள் உண்டு. "அந்த நேரத்தில் தூக்கி அடிக்கலாமா?" என்பார்கள்.

இலக்கு 271. 82 ரன்னுக்கு 5 விக்கெட் போச்சு. அப்போது ஜெயிப்போம் என்று யார் நம்பினார்கள்? சச்சினும் மோங்கியாவும்தான் 218 வரை கொண்டுபோனார்கள். முதுகுவலியோடு 136 அடித்துச் சக்லைன் பந்தில் சச்சின் அவுட்டானபோது வேண்டியது 17 ரன்தான். கையில் 3 விக்கெட். அந்த மூன்றும் நாலே ரன்னில் விழுந்தன. 12 ரன்னில் தோற்றோம்.

அந்த ஷாட் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் விழுந்த ஆறும், பின் விழுந்த மூன்றும் யார் கணக்கு? பாரம் சுமந்தவன் தடுக்கினால் திட்டுகிறோம். கைவீசி வந்தவர்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை. இது என்ன நியாயம்?