முகாம் இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சி: வேலைச் சந்தையைக் கணக்கெடுத்த பின் தொடங்கக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர், செயற்குழுவினர்,
மறுவாழ்வு முகாம் இளைஞர்களும் ஓய்வுபெற்ற தொழிற்பயிற்றுநர்களும் சிறு பட்டறை உரிமையாளர்களும் இணைந்த சங்கம்,
திருப்பரங்குன்றம், மதுரை – 625 005.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
மதுரை – 625 020.

பொருள்: உச்சப்பட்டி, ஆனையூர், திருவாதவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களின் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி வழங்குதல் – பயிற்சிப் பிரிவுகளை முடிவு செய்யும் முன் மாவட்டத்தின் வேலைவாய்ப்புத் தேவையைக் கணக்கெடுக்கக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

முகாம் இளைஞர்களுக்கு இனி எந்தப் பயிற்சி அறிவிக்கப்பட்டாலும், அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். மதுரையைச் சுற்றி எந்த வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது? அந்த வேலைக்கு முகாம் பதிவு உள்ள ஒருவர் போய் நின்றால் சேர்த்துக்கொள்வார்களா? இவ்விரண்டையும் விசாரிக்காமல் நடத்தப்படும் வகுப்புகளால் சான்றிதழ் கிடைக்கிறது, வேலை கிடைப்பதில்லை. ஆகவே முதலில் கணக்கெடுப்பு, அதன் பிறகு பயிற்சி என்ற வரிசையைத் தங்கள் ஆணையாகவே பிறப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

1983 ஜூலை முதல் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் 3,04,269 பேர் என்பது மத்திய உள்துறையின் கணக்கு. பல கட்டங்களில் பெரும்பகுதியினர் திரும்பிச் சென்றுவிட்டனர். இன்று மாநிலத்தின் 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் வாழ்கின்றனர். இவர்களில் பயிற்சி பெறும் வயதில் இருப்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்தவர்கள். இங்குள்ள அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள். யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் தாத்தா பாட்டி சொல்லித்தான் அறிவார்கள்.

தமிழ்நாடு அரசு 27.08.2021 அன்று சட்டமன்றத்தில் அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை எங்கள் உறுப்பினர்கள் நன்றியுடன் நினைக்கிறார்கள். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அது சொன்னது. மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என உயர்ந்தது. இளைஞர்களின் திறன் பயிற்சியும் அந்த அறிவிப்பில் இருந்தது. வீடு கட்டுவதை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்து முடித்துவிடலாம். வேலை அப்படி வராது. நான்கு துறைகள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால்தான் வரும். அதனால்தான் இம்மனுவைத் தங்களிடம் கொண்டுவந்தோம்.

இப்போதைய நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். முகாம்களில் ஆண்களின் தொழில் என்றால் அது பெயின்ட் வேலைதான். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவரும் டிப்ளமா முடித்தவரும் பொறியியல் பட்டம் வாங்கியவரும் ஒரே சாரத்தில் நின்று பட்டி பார்க்கிறார்கள். விரும்பித் தேர்ந்தவர்கள் குறைவு. இந்த வேலையில் யாரும் சான்று கேட்பதில்லை. அண்ணன் போகும் இடத்துக்குத் தம்பியும் கூடப் போகலாம். ஒரு பிரஷ்ஷும் உப்புத்தாளும் இருந்தால் முதல் நாளே கூலி. அது அன்று மாலையே கைக்கு வந்துவிடும். முகாமில் எல்லோரும் நேரில் இருக்க வேண்டிய செக்கிங் என்று சொன்னால் அன்று மட்டும் நின்றுகொள்ளலாம், மேஸ்திரி கோபிப்பார், வேலை போகாது. தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர் அப்படி நிற்க முடியுமா? முகாம் வாழ்க்கையின் கட்டுப்பாடுகளுக்குள் அடங்கிய தொழில் என்று இது ஒன்றுதான் மிஞ்சியது. இரண்டு தலைமுறையாக அதுவே நீடிக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவர் வேலை நின்றுவிடும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய சில வாரங்களில் சம்பாதித்ததை வைத்து அந்த நாட்களைத் தள்ள வேண்டும். கயிறு கட்டித் தொங்கி வேலை செய்பவர் விழுந்தால் இழப்பீடு கேட்க எழுத்து எதுவும் கையில் இருக்காது. ஐம்பது வயதைத் தாண்டியவரைச் சாரத்தில் ஏற்ற மேஸ்திரிகள் தயங்குகிறார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், படித்தும் இதே வேலைதானே என்று பதினொன்றாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டு நிற்பது எங்களை மிகவும் வருத்துகிறது.

பெண்களுக்கு வரும் பயிற்சி தையல். பல முறை வந்துவிட்டது, இன்னும் வருகிறது. பழைய காலால் மிதிக்கும் இயந்திரத்தில் ஜாக்கெட் தைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆயத்த ஆடை நிறுவனம் கேட்பது மின் இயந்திரத்திலும் ஓவர்லாக்கிலும் பழகிய கையை. முகாமுக்குள் ஜாக்கெட் தைக்கலாம் என்றால் முப்பது பேர் தைக்கும் அளவுக்கு அங்கே துணி வராது. பயிற்சி அளித்தவர்களின் நோக்கம் நல்லதே. சந்தையைப் பார்த்துவிட்டுத் தொடங்கியிருந்தால் அந்தப் பெண்களின் ஆறு மாதம் வீணாகியிருக்காது.

இந்தச் சந்தை தொலைவில் இல்லை என்பதுதான் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது. உச்சப்பட்டி முகாமின் பக்கத்திலேயே கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. தோப்பூரில் 27.01.2019 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட எய்ம்ஸ் மருத்துவமனையின் கட்டடங்கள் எழுந்து வருகின்றன. வீட்டுவசதி வாரியத்தின் தோப்பூர்–உச்சப்பட்டி துணைக்கோள் நகரமும் அதே திசையில்தான். எய்ம்ஸ் நேரடியாக நியமிக்கும் பணிகள் குடியுரிமை இல்லாதவர்களுக்கு எட்டாது என்பதை அறிவோம். ஆனால் இத்தனை பெரிய மருத்துவமனை ஓட வேண்டுமானால் குளிர்சாதனம், மின்தூக்கி, மருத்துவ வாயுக் குழாய், தண்ணீர் சுத்திகரிப்பு, சலவைக்கூடம், சமையல்கூடம் ஆகியவற்றைப் பராமரிக்கத் தேர்ந்த கைகள் வேண்டும். இந்தப் பணியிடங்கள் பொதுவாக ஒப்பந்த நிறுவனங்கள் மூலம் நிரப்பப்படுபவை. எத்தனை பேர், எந்தத் தகுதியில், எந்த ஆண்டில் என்று இப்போதே கேட்டு வைத்தால் ஐ.டி.ஐ.யில் ஈராண்டுப் பிரிவில் சேரும் பிள்ளை சரியான நேரத்தில் தயாராகிவிடுவான்.

திருவாதவூர் முகாமின் நிலை வேறு. அங்கிருந்து மேலூர்ச் சாலைக்கு வந்தால் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா டயர் தொழிற்சாலை. மதுரை வட்டாரத்தில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனங்கள் ஏராளம். மோல்டிங் பிரஸ் இயக்குவது, அச்சு பராமரிப்பது, பொருளின் தரம் பார்ப்பது ஆகியவற்றைத் தனிப் பயிற்சியாக முகாம் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத் தந்து நாங்கள் பார்த்ததில்லை. ஆனையூர் நகரத்தை ஒட்டியது. அங்குள்ளவர்களுக்கு மருத்துவமனைகள், விடுதிகள், வாகனப் பணிமனைகள், ஏ.சி. பழுதுபார்ப்பு என்று பாதை வேறாகப் பிரியும். மூன்று முகாம்களுக்கும் ஒரே பட்டியலை அனுப்புவது பொருந்தாது.

கணக்கெடுப்பை யார், எப்படிச் செய்ய வேண்டும் என்பதிலும் எங்களுக்குக் கருத்து உண்டு. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம், மாவட்டத் தொழில் மையம், திறன் மேம்பாட்டுக் கழகத்தின் மாவட்ட அலுவலகம், சிறுதொழில் சங்கமான மடீட்சியா, முகாம்களுக்கான தனி வட்டாட்சியர் ஆகியோர் அடங்கிய குழுவைத் தாங்கள் அமைக்க வேண்டும். முகாம் ஒன்றுக்கு இரண்டு இளைஞர்களும் இரண்டு இளம்பெண்களும் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும், பார்வையாளராக அல்ல. அகதிப் பெண்களுக்காகப் பணிபுரியும் நியூயார்க் அமைப்பு ஒன்று கொலம்பியா பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து இளைஞர்களுக்கான சந்தை மதிப்பீட்டுக் கையேட்டை 2008-ல் வெளியிட்டது. பயிற்சி பெறப்போகும் இளைஞர்களே கடைவீதிக்கும் பட்டறைக்கும் சென்று விசாரிக்கும் முறையை அது வகுத்துத் தருகிறது. இங்கும் அது நடக்கும். தானே போய் முதலாளியிடம் பேசி வந்த பிள்ளைக்கு எந்த வேலையில் என்ன கஷ்டம், என்ன சம்பளம் என்பது தெரியும். பாதியில் பயிற்சியை விட்டு ஓட மாட்டான்.

வேலை தருபவரிடம் ‘ஆள் தேவையா’ என்று மட்டும் கேட்டால் ‘தேவை’ என்றுதான் சொல்வார். கடந்த ஓராண்டில் எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், எத்தனை பேர் நின்றுவிட்டார்கள், ஏன் நின்றார்கள், புதியவருக்கு முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தச் சான்றிதழை மதிக்கிறீர்கள், பெண்களை எந்த ஷிஃப்டில் எடுக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். கடைசியாக, முகாம் அடையாள அட்டை வைத்திருப்பவரை எடுப்பீர்களா என்றும் கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை எழுத்தில் பதிவு செய்யாவிட்டால் மற்றவை எல்லாம் பயன்படா.

ஏனெனில் கதவு அங்கேதான் சாத்தப்படுகிறது. இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. முகாம் ஆளை வேலைக்கு வைத்தால் காவல்துறை வந்து விசாரிக்குமோ என்று சிறு தொழில் முதலாளிகள் அஞ்சுகிறார்கள். எங்கள் உறுப்பினர்களிலேயே பட்டறை நடத்துபவர்களுக்கு இந்த அச்சம் இருந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. இந்தச் செய்தி கப்பலூர்ப் பட்டறைகளை எட்டவில்லை. முகாம் பதிவுள்ளோரைப் பணியமர்த்துவது குறித்த சட்ட நிலையை விளக்கி, தங்கள் கையெழுத்துடன் ஒரு பக்கக் கடிதம் தொழிற்பேட்டைகளுக்கும் தொழில் அமைப்புகளுக்கும் செல்ல வேண்டும். எங்கள் கோரிக்கைகளில் செலவே இல்லாதது இதுதான். பலன் அதிகம் தரக்கூடியதும் இதுவே.

இதனோடு சேர்ந்த இன்னொன்று. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகர். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில் இந்த அடிப்படையில்தான் உத்தரவிட்டது. அந்தத் தேதி முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன் வரை இங்கு பிறந்தவர்களுக்கு, பிறக்கும்போது தாய் தந்தையரில் ஒருவர் இந்தியக் குடிமகராக இருந்தாலே போதும். உள்ளூர்ப் பெண்ணையோ ஆணையோ மணந்தவர்கள் முகாம்களில் உண்டு. ஆகவே பயிற்சி வயதில் இருக்கும் சிலர் தாங்கள் இந்தியக் குடிமக்கள் என்பதை அறியாமலே வெளிநாட்டவராகப் பதிவில் இருக்கக்கூடும். அவர்களுக்கு அரசுத் தேர்வுகள் உட்பட எல்லாக் கதவுகளும் திறக்கும். கணக்கெடுப்புப் படிவத்தில் பிறந்த தேதி, பிறந்த இடம், பெற்றோரின் பிறப்பு விவரம் ஆகியவற்றைச் சேர்த்து, தகுதியுள்ளவர்களை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.

பயிற்சிக் காலத்தில் குடும்பம் எப்படிச் சாப்பிடும் என்ற கேள்வியையும் தள்ளிவிட முடியாது. அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் மாத உதவித்தொகை 750 ரூபாய். பெயின்ட் வேலையில் ஒரு நாள் கூலியே அதற்கு மேல். தமிழ்ப்புதல்வன், புதுமைப்பெண் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் முகாம் மாணவர்களுக்குத் தடையின்றிக் கிடைக்கிறதா என்று நிலையம் நிலையமாகச் சரிபார்க்க வேண்டும். பயிற்சியிலும் ஷிஃப்ட் வேலையிலும் இருப்பவர்களுக்கு முகாம் செக்கிங்கை விடுமுறை நாளிலோ இரவிலோ வைத்துக்கொள்ளத் தனி வட்டாட்சியருக்கு அறிவுறுத்த வேண்டும். வெளியூரில் தொழில் பழகுநராகச் சேர்பவருக்கு மொத்தக் காலத்துக்கும் ஒரே அனுமதி வழங்க வேண்டும்.

இருபது ஆண்டு பெயின்ட் வேலை செய்தவரிடம் உள்ள அறிவைக் கணக்கில் எடுக்காமல் புதிதாக எதையோ கற்கச் சொல்வது அவருக்குச் செய்யும் அவமரியாதை. சுவரைத் தட்டிப் பார்த்தே ஈரம் எங்கே ஏறுகிறது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். முன்பே கற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை மத்திய அரசின் திறன் திட்டத்தில் இருக்கிறது. முகாமிலேயே அந்தச் சோதனையை நடத்திச் சான்று வழங்கலாம். அதன்மேல் நீர்க்கசிவுத் தடுப்பு, எபாக்ஸி தளம், பவுடர் கோட்டிங், தளங்களில் பாதுகாப்பு மேற்பார்வை என்று சில வாரப் பயிற்சி தந்தால் சாரத்திலிருந்து இறங்கிய பிறகும் அவருக்கு வேலை இருக்கும். 1994 முதல் இயங்கும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் முகாம் பெயின்டர்கள் பதிவு பெற எந்தச் சான்றுகள் ஏற்கப்படும் என்பதையும் எழுத்தில் தெளிவுபடுத்த வேண்டுகிறோம்.

பெண்களுக்கு மருத்துவமனை சார்ந்த பயிற்சிகளை முதலிடத்தில் வைக்க வேண்டும். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஈராண்டு பயிற்றுவித்து, தானே வேலையும் தரும் அரவிந்த் கண் மருத்துவமனையின் முறை இந்த ஊரிலேயே இருக்கிறது. அதுபோன்ற நிறுவனங்களுடன் மாவட்ட நிர்வாகம் நேரில் பேசி முகாம் பெண்களுக்கு இடம் கேட்டுப் பெற வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பது பெரிய உதவி. ஆனால் இரவு ஷிஃப்ட் முடிந்து முகாமுக்குத் திரும்பும் நேரத்தில் பேருந்து இருக்கிறதா என்பதையும் குழு பார்க்க வேண்டும்.

இலங்கைக்குத் திரும்ப விரும்பும் குடும்பங்களும் உண்டு. அங்கே தேசிய தொழில்சார் தகைமை என்ற, படிநிலைகள் கொண்ட சான்று முறை நடப்பில் உள்ளது. கிளிநொச்சியில் ஜெர்மன் உதவியுடன் அமைந்த தொழிற்பயிற்சி நிறுவனமும் அதன்படியே இயங்குகிறது. இங்கு பெறும் ஐ.டி.ஐ. சான்று அங்கே எந்த நிலைக்கு ஈடாகும் என்பதைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் மூலம் கேட்டுத் தெரிவிக்க, அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையருக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

அடுத்த கல்வியாண்டின் ஐ.டி.ஐ. சேர்க்கை தொடங்கும் முன் கணக்கெடுப்பை முடித்து, அறிக்கையை மூன்று முகாம்களின் அறிவிப்புப் பலகையிலும் தமிழில் ஒட்ட வேண்டும். பயிற்சி முடித்தவர்கள் ஆறாவது மாதத்திலும் பன்னிரண்டாவது மாதத்திலும் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்து, அதை வைத்து மறு ஆண்டின் பிரிவுகளை மாற்ற வேண்டும். படிவம் தயாரிப்பது முதல் பட்டறைகளுக்கு வழிகாட்டுவது வரை எங்கள் உறுப்பினர்கள் ஊதியமின்றி உழைக்கத் தயார். இது குறித்து நேரில் விளக்க, முகாம் இளைஞர்களுடன் தங்களைச் சந்திக்க நாளும் நேரமும் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள்
திருப்பரங்குன்றம்

நகல்:
ஆணையர், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை, சென்னை.
மண்டல இணை இயக்குநர், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, மதுரை.
பொது மேலாளர், மாவட்டத் தொழில் மையம், மதுரை.
தனி வட்டாட்சியர், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு, மதுரை.