வயிற்றை உரசி இறங்கிய எஃப்-35: விமானி பிழைத்தார், விமானம் ஏன் பிழைக்கவில்லை?

2022 ஜனவரி 4. தென் கொரிய விமானப்படையின் எஃப்-35ஏ போர் விமானம் ஒன்று தாழ்வாகப் பறக்கும் பயிற்சியில் இருந்தது. இன்ஜினுக்குக் காற்று போகும் இடதுபக்க வழியில் சுமார் 10 கிலோ எடையுள்ள கழுகு ஒன்று மோதியது. மோதிய வேகத்தில் உள்தடுப்பைத் துளைத்துக்கொண்டு ஆயுத அறைக்குள்ளேயே போய்விட்டது. அங்கிருந்த ஹைட்ராலிக் குழாய்களும் மின் கேபிள்களும் சேதமாக, சக்கரங்கள் வெளியே வரவே இல்லை.

ஆனாலும் விமானம் சொன்னபடி கேட்டது. எஃப்-35-ல் இறக்கை, வால் பகுதிகளை அசைக்கும் கருவிகள் மின்சாரத்தில் இயங்குபவை. ஒவ்வொன்றுக்கும் தேவையான ஹைட்ராலிக் அமைப்பு அதற்குள்ளேயே இருக்கும். சக்கரங்களுக்கு அந்த வசதி கிடையாது.

விமானியின் முன் இரண்டே வழி. ஒன்று, இருக்கையோடு வெளியே பாய்வது. கேட்க சுலபம்தான். ஆனால் அந்த உதையில் முதுகெலும்பு முறியலாம். ஆளில்லாத விமானம் யார் தலையில் விழும் என்பதும் தெரியாது. இன்னொன்று, வயிற்றாலேயே இறங்கும் 'பெல்லி லேண்டிங்'. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். சோசான் விமானத் தள ரன்வேயில் தீப்பிடிக்காமல் இருக்க நுரை பரப்பப்பட்டது. காயமே இல்லாமல் வெளியே வந்தார் விமானி.

கதை அத்தோடு முடியவில்லை. சோதித்துப் பார்த்தால் சுமார் 300 பாகங்களில் பாதிப்பு. பழுதுபார்க்க ஏறக்குறைய 14,000 கோடி வோன் ஆகும், 4 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும் என்று கணக்கு வந்தது. வாங்கிய விலையோ சுமார் 11,000 கோடி வோன்! கார் இன்ஷூரன்ஸில் 'டோட்டல் லாஸ்' என்பார்களே, அதேதான். 2023 இறுதியில் அந்த விமானத்தைக் கைவிட விமானப்படை முடிவு செய்தது.

ஏன் இவ்வளவு செலவு? பழைய போர் விமானங்களில் எரிபொருள் டேங்க், ஏவுகணை எல்லாம் வெளியே தொங்கும். சில சமயம் உரசலின் முதல் அடியை அவையே வாங்கிக்கொள்ளும். ரேடார் கண்ணில் படாத எஃப்-35-ல் ஆயுதங்கள் வயிற்றுக்குள். மூக்குக்குக் கீழே இலக்கைத் தேடும் சென்சார். மேலே விலையுயர்ந்த பூச்சு. ரன்வேயில் தேய்வது இவைதான்.

அப்படியானால் விமானியின் முடிவு வீணா? இல்லை. குதித்திருந்தால் மிஞ்சுவது சிதறிய இரும்பு மட்டுமே. கீழே உயிர்ப்பலியும் நேர்ந்திருக்கலாம். இனி பறக்காவிட்டாலும், பராமரிப்புப் பணியாளர்களுக்குப் பயிற்சி தர இந்த விமானம் பயன்படும் என்கிறது விமானப்படை. முதலில் வாங்கிய 40 எஃப்-35ஏ-க்களில் பறக்க மிச்சம் 39.